எல்லைக்குக் கேட்ட மழை

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் வீட்டில் யாரும் மழையை விரும்பிக் கேட்பதில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்யும் இடம் சின்னதோ பெரியதோ, அதற்கு ஆபீஸ் என்றுதான் பெயர். எங்களுடையது சின்னது. பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள் கட்டைகளில் குச்சி அடுக்குவார்கள். அடுக்கிய கட்டைகளை மருந்தில் முக்கிக் காய வைப்பதற்கு ஒரு அண்ணாச்சி இருந்தார். மேகம் கூடிக் காற்றில் ஈரம் ஏறினால் குச்சி முனை நமத்துப் போகும். உரசினால் மருந்து உதிரும், பற்றாது. ஐப்பசி கார்த்திகையில் என் கணவர் வானத்தைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது இடைசெவல் பக்கம், உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரிக் காடு. அங்கே சாமியிடம் மழையைத் தவிர வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமான பிறகு, மழை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒரே ஒரு வருடம் அந்தப் பழக்கத்தை விட்டேன். அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத பையன் குறைவு. நன்றாக ஆடுகிறவனுக்கு ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று எங்காவது ஒரு இடம் கிடைத்துவிடும். அவன் ராணுவத்துக்குப் போனான். ஆபீஸைப் பார்த்துக்கொள்வான் என்று அவன் அப்பா நினைத்திருந்தார். இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே ரயிலேற்றி விட்டு வந்தார். ஹாக்கி ஆடத்தான் எடுத்தார்கள் என்று நாங்கள் நம்பினோம். அங்கே போனதும் அவனைப் பாலம் கட்டும் பிரிவில் போட்டார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, அதை எடுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை என்று அவன் முதல் லீவில் வந்தபோது சொன்னான். பாலம் கட்டுவது மட்டும்தான் என் காதில் ஏறியது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் மகன் பாலம் கட்டுகிறான் என்றே சொல்லி வந்தேன்.

டில்லியில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்களே, அந்த மார்கழியில் இரண்டு நாட்டுப் பட்டாளமும் எல்லைக்குப் போயின. எங்கே இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது என்று போனில் சொன்னான். தை மாதம் பேசும்போது, சுற்றிலும் கோதுமை என்று மட்டும் வாயை விட்டுவிட்டான். அப்படியென்றால் பஞ்சாப்தான் என்றார் என் கணவர். விளைந்து வரும் பயிருக்குள் இறங்கி வெடி புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்களாம். பயிரை மிதிக்க அவனுக்குக் கால் கூசியது என்றான். சம்சாரி வீட்டுப் பேரன்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவன் காலைப் பற்றி அப்போது எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

வெயில் காலத்தில்தான் அணுகுண்டுப் பேச்சு வந்தது. காஷ்மீரில் ராணுவக் குடியிருப்பில் பெண்களையும் பிள்ளைகளையும் சுட்டுப் போட்ட பிறகு, இனிமேல் யுத்தம்தான் என்று டிவியில் சொன்னார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் இரண்டு நாடுகளும் அடுத்தடுத்துக் குண்டு வெடித்துப் பார்த்தபோது எங்கள் தெருவில் சரம் சரமாகப் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் ஆபீஸிலும் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தோம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அதே குண்டு எந்த ஊர் வரைக்கும் வரும் என்று பேப்பரில் இந்தியா படத்தின் மேல் வட்டம் போட்டிருந்தார்கள்.

டீக்கடையில் அந்த வட்டத்தைப் பற்றியேதான் பேச்சு என்று என் கணவர் வந்து சொல்வார். நம்ம ஊருக்கு எட்டாது என்று ஒருவர் சொன்னாராம். கூடங்குளத்தில் அணு உலை கட்டுகிறார்களே, அதற்கென்று தனியாக ஒன்று போடுவான் என்றாராம் இன்னொருவர். போட்டால் நல்லதுதான், கரண்டு பில் கட்டுகிற வேலை மிச்சம் என்று கடைக்காரர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களாம். என் கணவரும் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றாமலே டிவியைப் போட்டார்.

நான் பி.யூ.சி. வரை படித்தவள். பேப்பரில் ஒரு வரி விடமாட்டேன். குண்டு விழுந்தால் எத்தனை தூரம் என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். வாசித்து முடித்ததும் எழுந்து போய் இட்லிக்கு அரிசி ஊற வைத்தேன். கோடிக் கணக்கில் ஆட்கள் சாவார்கள் என்பது என் தலைக்குள் நிற்கவே இல்லை. அவன் ஒருவன்தான் நின்றான். குண்டு போட்டால் முதலில் எல்லையில் நிற்கிறவர்கள் மேலா, பெரிய ஊர்கள் மேலா என்று என் கணவரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அவருக்குத் தெரியாதது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களை டில்லியை விட்டுக் கிளம்பச் சொன்னார்கள். பிறகு அவர்களுடைய மந்திரிகளும் தூதர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். அந்தத் தலைநகரில் இறங்கி, பேசிவிட்டு, இந்தத் தலைநகருக்கு வந்து பேசுவார்கள். விமானப் படியில் இறங்கும்போது அவர்கள் முகத்தை நான் கவனிப்பேன். ஏறும்போது திரும்பவும் பார்ப்பேன். காரியம் நடந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியுமல்லவா. எங்கள் பக்கம் பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பஸ் ஏறும்போது முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். இவர்களோ வரும்போதும் போகும்போதும் ஒரே அளவுக்குத்தான் சிரித்தார்கள். என்ன பேசினார்கள், யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. ஊடுருவலை நிறுத்துகிறோம் என்று அந்தப் பக்கம் வாக்குக் கொடுத்ததாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் நம் போர்க்கப்பல்கள் திரும்பின. அந்த நாட்டு விமானங்கள் நம் வானத்தில் போகலாம் என்றார்கள். பேப்பரில் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டு உலகக் கோப்பைக் கால்பந்துச் செய்தி போட்டார்கள்.

பட்டாளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஐப்பசி பிறக்கும் சமயத்தில்தான், எல்லையிலிருந்து திரும்புகிறது என்று செய்தி வந்தது. ஆபீஸில் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் திரும்பவும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கடம்பூரில் யாரிடமோ சொல்லி என் கணவர் போளி வாங்கி வரச் செய்தார். தீபாவளிக்கு வந்துவிடுவான் என்று அவனுக்குச் சட்டைத் துணி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்போது போன் வந்தது.

"பட்டாளம் வருதுன்னு டிவில சொன்னாவளே, நீ எப்பலே வாரே?" என்று கேட்டேன்.

"அவிய வாரது வேறம்மா. நாங்க இங்கனதான் இருக்கணும்."

"எதுக்கு?"

"போட்டத எடுக்கணும்லாம்மா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவன் விளக்கினான். போடும்போது வரிசை வரிசையாக, படத்தில் குறித்துத்தான் போட்டார்கள். இப்போது அதே படத்தை வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து, ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து எடுக்க வேண்டும். பத்து மாதத்தில் புல் முளைத்துவிட்டது. எடுத்தால்தான் அந்த ஜனங்கள் தங்கள் வயலுக்குத் திரும்ப முடியும். எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. இதையெல்லாம், ஹாக்கி மேட்சில் யார் எங்கே நின்றார்கள் என்று சொல்வது போலச் சொன்னான். நான் போனை வைத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த போளியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்.

இரண்டு பக்கமும் அந்தக் குண்டைப் போடாமலே சமாதானமாகிவிட்டது. என் மகனுக்கு ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இதை யாரிடம் சொன்னாலும், "அதான் சண்ட இல்லன்னு ஆயிருச்சேம்மா" என்றார்கள்.

மருந்து முக்கும் அண்ணாச்சி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் கவனமாகக் கேட்டார். எங்கள் தொழிலில் மருந்தைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சாயங்காலம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்தே, முக்கியது காயுமா நமக்குமா என்று சொல்லிவிடுவார்.

"மண்ணுக்குள்ள பத்து மாசம் கெடந்தா எந்த மருந்துதான் தாங்கும்?" என்றார். "நல்லா ஒரு மழ பெஞ்சா போதும். அம்புட்டும் நமத்துப் போவும். தம்பி சும்மா கெழங்கு தோண்டுத மாரி தோண்டி எடுத்துட்டு வந்துரும் பாருங்க."

அது என் மனதில் அப்படியே உட்கார்ந்தது. இருபத்தைந்து வருடமாக நமத்துப் போன குச்சியைப் பார்த்துத் திட்டிய வீடு எங்களுடையது. ஈரம் பட்டால் மருந்து செத்துப் போகும் என்பது எங்களுக்கு வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. என் கணவரிடம் சொன்னபோது அவரும் யோசித்துவிட்டு, "ஆமா, அங்கன எங்க மழ பெய்யுது, இந்த வருசம் நாடு பூராம் வறச்சில்லா இருக்கு" என்றார். அவருடைய கவலை மழை பெய்யாதே என்பதாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் செய்தி முடிந்து வரும் வானிலைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் ஊர் இருக்கும் கீழ் மூலையைப் பார்ப்பதில்லை. மேலே இடது பக்கத்தைத்தான் பார்ப்போம். அங்கே மேகமே இருக்காது.

எங்கள் கரிசல்காட்டிலும் அந்த வருடம் மழை ஏமாற்றியது. விதைத்த உளுந்து முளைத்துக் கருகியது. பிறந்த ஊரில் மழைக்கஞ்சி எடுக்கிறோம், வா என்று அண்ணன் பெண்சாதி, என் மதினி, ஆள் விட்டாள். பெண்கள் கூடி வீடு வீடாகப் போய்க் கஞ்சி கேட்டு வாங்குவார்கள். எல்லா வீட்டுக் கஞ்சியையும் ஒன்றாகக் கலந்து மந்தையில் வைத்துக் குடிப்பார்கள். இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு, ஊரை விட்டே போகிறவர்கள் போல எல்லை வரைக்கும் நடப்பார்கள். மழை வரும், திரும்புங்கள் என்று சொல்லி யாராவது ஒரு பெரியவர் வழிமறித்துக் கூட்டி வருவார். சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டு. ஆபீஸ்காரர் வீட்டுக்கு வந்த பிறகு நான் அதற்குப் போனதே இல்லை. மழை வேண்டாம் என்கிற வீட்டிலிருந்து வந்து மழைக்கஞ்சி வாங்கினால் நாலு பேர் பேசுவார்கள் அல்லவா.

இந்தத் தடவை போனேன். மதினி என்னைப் பார்த்ததும், "வாங்க மொதலாளியம்மா, ஒங்க ஆபீஸு நமத்துப் போவாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒப்பாரி வைக்கும்போது மற்றவர்கள் காய்ந்து கிடந்த தங்கள் காட்டைச் சொல்லி அழுதார்கள். நான் சத்தமில்லாமல் அந்தக் கோதுமை வயலுக்குக் கேட்டேன். எங்கள் அம்மன் கண்ணால்கூடப் பார்த்திராத ஊர். பெயரும் எனக்குத் தெரியாது. பையன் இருக்கிற இடம் என்று மட்டும் சொன்னேன். இங்கே பெய்ய வேண்டியதை அங்கே பெய்யச் சொல்லிக் கேட்டேன் என்று சொன்னால் மதினி என்னைச் சேர்த்திருக்கமாட்டாள்.

திரும்பி வந்து என் கணவரிடம் சொன்னேன். "நம்ம ஊருக்கே வராத சாமி, ரயிலேறிப் பஞ்சாபுக்குப் போவுமாக்கும்" என்றார். ஆனால் அன்றைக்கும் வானிலை பார்க்காமல் சாப்பிட உட்காரவில்லை.

இடைசெவலில் பேருக்கு ஒரு தூறல் விழுந்தது. மார்கழி கழிந்து தையில், டிவி வானிலைப் படத்தின் மேல் மூலையில் மேகம் வந்தது. வடமேற்கில் நல்ல மழை என்று செய்தி வாசிக்கும் பெண் வாசித்தாள். மறுநாளும் வாசித்தாள். நான் விளக்கேற்றினேன். காலையில் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக மருந்து முக்கும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அவன் புறப்பட்டுப் போனதிலிருந்து நான் அவ்வளவு நிம்மதியாக இருந்த நாட்கள் வேறு இல்லை. ஒரு வாரம் போல இருக்கும்.

பிறகு அவன் பேசினான். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. நான்தான் முந்திக்கொண்டு, அங்கே மழையாமே, எல்லாம் நமத்துப் போயிருக்குமே, இனிமேல் பயம் இல்லையே என்று கேட்டேன்.

"நமத்துப் போவாதும்மா. அது தீக்குச்சி இல்ல. தண்ணி போவாம அடச்சிருக்கும். வருசக்கணக்கா கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"அப்ப மழைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"எடம் மாறும்மா. வாய்க்கா ஒடஞ்சு தண்ணி பாஞ்சுது. படத்துல ஒரு எடத்துல இருக்கு, மண்ணுல வேற எடத்துல கெடக்கு."

அதற்குப் பிறகு, சேலம் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பாதம் போய்விட்டது என்று சொன்னான். எடுத்து முடித்த பாதை என்று நூல் கட்டி வைத்திருந்த இடத்தில்தான் அவன் நடந்தான். மழைத் தண்ணீர் ஒரு வெடியைக் கொண்டுவந்து அங்கே விட்டிருந்தது. "நான் அவனுக்குப் பின்னாலதாம்மா வந்துட்டிருந்தேன்" என்றான். போன் பூத்தில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஈரத்தில் மண் நகரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கரிசலில் பிறந்தவள் நான். மழைக்கு அந்த மண் பொங்கும், கோடைக்கு ஆள் கால் போகும் அளவு வெடிக்கும். ஊன்றிய கல் ஊன்றிய இடத்தில் நிற்காது. எங்கள் அய்யாவும் சித்தப்பாவும் வரப்புக் கல் நகர்ந்ததற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கல்லை யாரும் நகர்த்தவில்லை, மண்தான் நகர்த்தியது என்று இரண்டு பேருக்குமே தெரியும். பிறந்த வீட்டில் தெரிந்துகொண்டது ஒன்று, வாழ வந்த வீட்டில் தெரிந்துகொண்டது ஒன்று. எது என் மனதுக்கு இதமாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். அங்கே மண் வேறு மாதிரி என்று என் கணவர் சமாதானம் சொன்னார். நான் கேட்டதால் பெய்த மழை இல்லை என்றும் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

மருந்து முக்கும் அண்ணாச்சி தினமும், தம்பி பேசியதா என்று கேட்பார். பேசினான், நன்றாக இருக்கிறான் என்பேன். நமக்காது என்கிற விஷயத்தை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். வானிலை வரும் நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். என் கணவர் பார்ப்பார். மழை இல்லையென்றால், "ஒண்ணுமில்லட்டீ" என்று அங்கிருந்தே சொல்வார். இருந்தால் டிவியை அணைத்துவிடுவார்.

சித்திரை கடைசியில் அவன் லீவில் வந்தான். ரயில்வே ஸ்டேஷனில் அவன் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது எதை என்று எழுத வேண்டியதில்லை. பூட்ஸ் போட்டிருந்தான். வீட்டுக்கு வந்து கழற்றும் வரைக்கும் என்னால் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

சாப்பிடும்போது அந்த வயல்களைப் பற்றிச் சொன்னான். ஒரு வயலை முடித்ததும், அதன் சொந்தக்காரர் வந்து வரப்பில் நிற்பாராம். இறங்கமாட்டாராம். எடுத்தவர்கள் வரிசையாக அதில் நடந்து காட்டிய பிறகுதான் இறங்குவாராம். ஒரு வயசாளி சம்சாரி, இவர்கள் நடந்து முடித்ததும் தன் எருமையை அந்த வயலில் அவிழ்த்துவிட்டு, இவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போய் எல்லோருக்கும் மோர் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு போன் நம்பரை இவன் வாங்கி வைத்திருந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" என்று அவன் அப்பா கேட்டார்.

"கெடச்சதெல்லாம் எடுத்துட்டோம்ப்பா" என்றான்.

என் கணவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மறுநாள் டீக்கடையில், பையன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொன்னாராம். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்ததும் சாப்பாட்டைப் பிசைய ஆரம்பித்தான். லீவு முடிந்து கிளம்பும்போது வேறு ஊருக்கு மாற்றல் என்றான். அங்கே உண்மையாகவே பாலம் கட்டுகிற வேலை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் போன் செய்தான். சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். அன்று ஞாயிறு இல்லை. அந்தப் பக்கம் நல்ல மழையாம் என்றான். அந்த மோர் கொடுத்த வீட்டிலிருந்து அவனுக்குப் பேசியிருக்கிறார்கள்.

"மாடு மிதிச்சிருச்சும்மா" என்றான். "ஆளுக்கு ஒண்ணும் இல்ல. அவரு வரப்புலதான் நின்னுருக்காரு."

இரண்டு நாட்டுத் தலைவர்களும் அந்தச் சமயத்தில் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் ஆட இங்கேயிருந்து அங்கே போய் வந்திருந்தார்கள். எருமை செத்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நான் எல்லாப் பக்கமும் தேடினேன்.

அன்று போனில் நான் ஒன்றுதான் கேட்டேன்.

"ஏலே, அது யாரு எடுத்த வரிச?"

"எங்க வரிசதாம்மா" என்றான்.

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்த என் கணவர், யார் என்று சைகையில் கேட்டார். பையன் என்று சொன்னேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.